இடப்பக்கப் பின்கதவு

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மழை கொட்டிய ஒரு மதியம். இருட்டினால்தான் பயம் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கா கார் வயரிங் மெக்கானிக். இருபது வருஷமாக அதே பிழைப்பு. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதைக் கரைத்துக் குடித்தவள். பேய் என்றால் சிரிப்பாள். “கம்பிக்குள்ள தண்ணி போச்சுன்னா அதுவே பேய்தான்டா” என்பாள் என்னிடம்.

ஒரு பல் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். ஊரார் பல்வலியைத் தீர்ப்பவருக்கு, செத்துப்போன அப்பா விட்டுச்சென்ற பழைய கார் தலைவலியாக இருந்தது. ஒருநாள் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். மறுநாள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினார். ம்ஹூம்.

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு ஷெட். ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு ஷட்டர். கார் ஷட்டரைப் பார்த்தபடி, தன் இடப்பக்கம் சுவரை ஒட்ட நின்றது.

“ஒரு பல் புடுங்கிட்டு வந்துடறேன். நீங்க பாத்துட்டிருங்க.” டாக்டர் போய்விட்டார். சாரல் அடித்ததால் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

மணி 3.10. மீட்டர் வைத்துப் பார்த்தாள். பேட்டரி நன்றாகவே இருந்தது. சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடி. டிக். ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பியில் ஒரு சின்ன பல்பைக் கட்டினாள். அதைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்துப் பக்கத்து சீட்டில் வைத்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பல்பு எரிந்தால் கரண்ட் போகிறது. எரியாவிட்டால் வழியில் எங்கோ கம்பி விட்டுப்போகிறது. எளிய கணக்கு.

திருப்பினாள். எரியவில்லை. டிக்.

3.24. பின்னாலிருந்து ‘டப்’ என்று கார்க் கதவு சாத்தும் சத்தம். கிளினிக்குக்கு யாரோ வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். திருப்பினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது.

ஆனால்… பல்பு எரியவில்லை.

கரண்டே போகாமல் மோட்டார் எப்படிச் சுற்றும்? அக்கா எஞ்சினை அணைத்தாள். உடனே மறுபடி ‘டப்’. அதன்பிறகு எத்தனை தடவை திருப்பியும் வெறும் டிக்… டிக்… டிக்.

3.31. டப்.

இந்த முறை கார் ஆடியது. கனமான ஒருவர் ஏறி உட்கார்ந்தால் ஆடுமே, அப்படி.

சாவியில் அவள் கை இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியது. நான்கு கதவுகளின் லாக்கும் ஒரே நேரத்தில் ‘டக்’கென்று விழுந்தது. எதிரே ஷட்டர்… கடகடவென்று தரைவரை இறங்கியது.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நிற்கவில்லை. பிடுங்கியே எடுத்தாள். நிற்கவில்லை. கைப்பிடியை இழுத்தாள். லாக்கை நகத்தால் நெம்பினாள். மீட்டரால் ஜன்னல் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். மீட்டர்தான் உடைந்தது.

ஷெட்டுக்குள் புகை சேர ஆரம்பித்தது. மூடிய ஷெட்டில் எஞ்சின் புகை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

3.34. இருமல். கத்தினாள். மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். காலி.

ஆனால் இடப்பக்கம் மட்டும்… குழி விழுந்து அமுங்கியிருந்தது.

அந்தப் பக்கம் சுவர். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கைகூட நுழையாது.



பிடரியருகே ஒரு குரல்.

“போலாமா?”

தலை சுற்றியது. ஆனாலும் இருபது வருஷ மெக்கானிக் மூளை வேலை செய்தது. அது ஏறினால் ஓடுகிறது… இறங்கினால்?

“இறங்குங்க…” என்றாள். “வண்டி இன்னும் ரெடியாகல.”

இன்னும் கொஞ்சம் புகை.

“எப்ப ரெடியாகும்?”

“சொல்றேன்… நானே சொல்றேன்.”

3.37.

டப்.

எஞ்சின் நின்றது. லாக் எல்லாம் மேலே எழும்பின. அக்கா தவழ்ந்துபோய் ஷட்டரைத் தூக்கி, மழையில் விழுந்தாள்.

டாக்டர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார். மூச்சு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “அந்த இடப்பக்கப் பின்கதவு…”

“அதுவா? அது திறக்காதே. அப்பா அதை வெல்டிங் வெச்சு ஒட்டிட்டார், பதினோரு வருஷமாச்சு. ஏன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார்.”

அக்கா வாசலிலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தாள். சுவரிடுக்கில் வெல்டிங் தழும்பு நீளமாகத் தெரிந்தது. அதன்மேல் அடித்த பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை.

“இந்த வண்டிய எடுக்காதீங்க. உடைக்கப் போட்டுடுங்க” என்றாள். அவர் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்தார். குரலில் ஒரே சந்தோஷம்.

“உடைக்க மனசு வரல. ஆனா நீங்க கைராசிக்காரங்க! எந்தக் கம்பிய மாத்துனீங்களோ, இப்ப ஒருதடவகூட மக்கர் பண்ணல. எப்பத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகுது.”

அக்கா அன்றைக்கு ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை.