டேங்க் மூடியில் ஒரு கையெழுத்து

பூட்டண்ணனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக நான் அவருக்காகப் பரிந்து பேசுவதுபோல் எங்காவது தோன்றினால், அது என்னுடைய இளகிய மனசு. அவருடைய தகுதி இல்லை.

படகுத்துறையில் அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. படகுக்கு ஒரு பூட்டு. துடுப்புக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு. படகில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு பிளாஸ்டிக் வாளி உண்டு. அதைப் பூட்ட வழியில்லையே என்று அதன் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதற்குள் கம்பியை விட்டுப் பூட்டினார். அதன் பிறகு வாளியில் பாதிதான் தண்ணீர் நின்றது. ஆனால் வாளி களவு போகவில்லை. முடிவெட்டும் கடைக்குப் போனால் எல்லோரும் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்ப்பார்கள். இவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொழில் என்று பார்த்தால் நல்ல உழைப்பாளி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகு அவருடையது. ஒரு நடைக்கு இருபது பேர். ஆபீஸ் போகிறவர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், சைக்கிளோடு வரும் கொத்தனார்கள். படகின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சின் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பழசு. பூட்டண்ணன் முன்னால் நின்று கயிறு பிடிப்பார், ஆட்களை எண்ணுவார், மறுபடியும் எண்ணுவார். பின்னால் உட்கார்ந்து எஞ்சினை ஓட்டியது அவருடைய மனைவியின் தம்பி.

இவருக்கு மச்சான் என்பதால் இவர் ‘மச்சான், மச்சான்’ என்று கூப்பிட, துறையில் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். அவனுடைய அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காதான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் அண்ணி. பத்தொன்பது வருடம் அந்தப் படகை அவன்தான் ஓட்டினான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

வினை பெட்ரோலில் ஆரம்பித்தது. பூட்டண்ணன் டேங்குக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு அளவு பார்ப்பவர். ஒருநாள் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. டேங்கைத் தொடுகிற ஒரே ஆள் மச்சான். வேறு யார் எடுக்க முடியும்?

கடையில் போய் அகலமான பழுப்பு நிற டேப் வாங்கினார். டேங்க் மூடியின் மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒட்டினார். டேப்பின் மேல் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் எழுதினார். கோர்ட்டில்கூட அவ்வளவு பக்குவமாக சீல் வைக்க மாட்டார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் டேப்பின் ஓரத்தில் நகம் பட்ட தடம். பிரித்து, திரும்ப அமுக்கி ஒட்டியிருந்தது. மறுநாள் புது டேப். மறுநாளும் நகத்தடம். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஒருநாள் துறையில் அத்தனை பேர் நடுவில் வைத்து, “சோறு போட்ட வீட்டுலயே திருடுறியாடா?” என்று கேட்டுவிட்டார்.

மச்சான் அன்றைக்கே துணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினான். ஐஸ் கம்பெனி மாடியில் ஒரு அறை, அங்கேயே லோடு ஏற்றும் வேலை. அண்ணி புருஷனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: “என் தம்பி இந்த வாசப்படி ஏறுற வரைக்கும் உங்ககூட எனக்குப் பேச்சு கிடையாது.” அதற்குப் பிறகு தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். முப்பது வருடமாக வாய் ஓயாமல் பேசிய பெண்பிள்ளை. அந்த மௌனம் மனுஷனை உலுக்கிவிட்டது. அவரே என்னிடம் சொன்னார், “வீட்டுல பேச்சுமில்ல மூச்சுமில்லடா. ரேடியோவை உடைச்சுட்ட மாதிரி இருக்கு.”

இதன் உள்விவரமெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே எஞ்சினால்தான். துறைக்கு எதிரே இருக்கும் பட்டறை என்னுடையது. மச்சான் போன மறுநாள் பூட்டண்ணன் தானே எஞ்சினை ஓட்டினார். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. ஆற்றின் நடுவில் இருமியது, நின்றது. கால் மணி நேரம் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு தானாகக் கிளம்பியது. அடுத்த நடையிலும் அதே கதை. நர்ஸுகள் அடுத்த படகுக்கு மாறிவிட்டார்கள்.

எஞ்சினைத் தள்ளுவண்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். “போறதுக்கு முன்னாடி கார்பரேட்டர்ல என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கான்டா. ‘வண்டி நின்னுடும்’னு வாயாலயே சொல்லிட்டுப் போனான். மிரட்டல் இல்லாம வேற என்ன?”

அவர் சொன்ன விதத்தில் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. அது ஒட்டுவாரொட்டி வியாதி. மச்சானும் நானும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். அப்படிப்பட்டவன் இப்படிச் செய்வானா என்று யோசித்தேன். யோசித்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கார்பரேட்டரைக் கழற்றப் போனேன். “இரு,” என்றார். சட்டைப் பையிலிருந்து அண்ணியின் சிவப்பு நகச்சாய பாட்டிலை எடுத்தார். ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒரு புள்ளி வைத்தார். நான் நல்ல பாகத்தை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிடக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பேன். நல்ல ஸ்பேனர், அதனால் எறியவில்லை.

கார்பரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். பெட்ரோல் முதலில் அதில் வந்து தங்கும். அதில் ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்ததும் மிதவை மேலே ஏறி ஒரு சின்ன ஊசியைத் தள்ளும், ஊசி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நான் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனை தேய்ந்து, சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

“அண்ணே, இங்க பாருங்க. இது வழியை அடைக்கவே இல்ல. பெட்ரோல் தேவைக்கு மேல வந்து வழிஞ்சு ஆத்துல போயிருக்கு. உங்க ரெண்டு விரற்கடையைக் குடிச்சது இதுதான்.”

அவர் ஊசியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “அவனைக் காப்பாத்தப் பாக்குற. ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கிறவங்கதானே?”

நான் வேலையைப் பார்த்தேன். புது ஊசி போட்டேன். பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட்டின் துளையை மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் நிறுத்தி, என் பட்டறை டேங்கில் குழாயை மாட்டி, அரைமணி நேரம் ஓடவிட்டேன். பூனைபோல் ஓடியது. கொண்டுபோனார். பத்தாவது நிமிடம் ஆற்றின் நடுவில் நின்றது.

திரும்ப வந்தார். இந்த முறை கேள்வி எனக்கு. “புது ஊசின்னு சொல்லி எதைப் போட்டே?” மறுபடி கழற்றினேன். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கிண்ணத்தில் ஒரு துளி தண்ணீர் இல்லை, ஒரு துகள் அழுக்கு இல்லை. டிரம்மில் ஓடியது. ஆற்றில் நின்றது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது எனக்கு உறைத்தது. டிரம்மில் இருப்பது என் டேங்க். படகில் இருப்பது அவருடையது.

“படகுல வந்து பாக்கணும்,” என்றேன்.

“எதுக்கு?”

“உங்க டேங்கைப் பாக்கணும்.”

“டேங்க் மேல உனக்கு என்னடா திடீர்னு அக்கறை?”

அங்கேதான் எனக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, படகுல ஏத்துறீங்களா, இல்ல அண்ணியை நேரா வந்து பார்த்து, உங்க புருஷன் எஞ்சினைச் சரிபண்ண விடமாட்டேங்கிறாருன்னு சொல்லட்டுமா?” அண்ணி என்றதும் ஆள் அடங்கினார். மூன்று வாரமாகக் கேட்காத குரலுக்கு மனுஷன் அவ்வளவு ஏங்கிப்போயிருந்தார்.

போனோம். அவர் எஞ்சின் அருகே, நான் டேங்க் அருகே. ஏழு நிமிடம் சுகமாகப் போனது. எட்டாவது நிமிடம் சத்தம் மெலிந்தது. ஒன்பதில் நின்றது. “பாத்தியா, பாத்தியா?” என்று அவர் கத்தினார். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில், கையால் அமுக்குகிற ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது அப்பளமாகச் சப்பிப்போய்க் கிடந்தது. பெட்ரோலை இழுத்து இழுத்துப் பார்த்து, வராமல் தோற்ற அடையாளம்.

டேங்க் மூடியைப் பார்த்தேன். மச்சான் போன பிறகும் அதே பழுப்பு டேப். கையெழுத்து. தேதி. ஓரத்தில் நகத்தடம் எதுவும் இல்லை.

டேப்பை உரித்தேன். அதன் அடியில், மூடியின் தலையில், ஒரு சின்னத் திருகு. இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ரப்பர் உருண்டை உப்பிக்கொண்டு எழுந்தது. “இப்ப இழுங்க,” என்றேன். ஒரே இழுப்பில் எஞ்சின் கிளம்பியது.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். படகு ஆற்றோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காத்து வரணும்ணே. அதுக்குத்தான் இந்தத் திருகு. படகு கிளம்பும்போது தளர்த்தணும், கரையில நிறுத்தும்போது இறுக்கணும். நீங்க அது மேலயே டேப்பை ஒட்டிவச்சிருக்கீங்க. மச்சான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

உரித்த டேப்பைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “சொன்னான்.”

“என்ன சொன்னான்?”

“‘மூடி மேல ஒட்டாதீங்க மாமா, வண்டி நின்னுடும்’னான்.”

என்னிடம் பின்பாதியை மட்டும்தான் சொல்லியிருந்தார். முன்பாதியை வேண்டுமென்று மறைத்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவர் காதில் பின்பாதிதான் விழுந்திருக்கும்.

“நான் கேட்டேன்டா, ‘ஒட்டினா உனக்கு என்ன கஷ்டம்?’னு. அதுக்கு மேல அவன் பேசல.”

பேசவில்லை. ஆனால் மூன்று மாதம் தினமும் நகத்தால் ஓரத்தைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, படகை ஓட்டி, கரைக்கு வந்ததும் இறுக்கி, மாமாவின் கையெழுத்து கசங்காமல் திரும்ப ஒட்டியிருக்கிறான். இவரோ அந்த நகத்தடத்தைக் களவுக்குச் சாட்சியாக எண்ணிக்கொண்டிருந்தார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் நான் என்ன செய்ய?

அன்று மத்தியானமே ஐஸ் கம்பெனிக்குப் போனோம். தான் சொன்னால் அவன் நம்ப மாட்டான் என்று என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். தேய்ந்த ஊசியை ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் வைத்திருந்தார். மச்சான் தோளில் சாக்கோடு வந்து நின்றான். மாமா காகிதத்தைப் பிரித்து நீட்டினார். மச்சான் ஊசியை விரலால் தடவிப் பார்த்தான்.

“தேஞ்சிருக்கு,” என்றான்.

“தப்பு என்னுதுடா. வர்றியா?”

“வர்றேன் மாமா.”

அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்கு உறுத்தியது. ஒரு கோபம், ஒரு குத்தல், ஒன்றுமே இல்லை. இவ்வளவு சீக்கிரம் யாராவது மன்னிப்பார்களா? உள்ளே ஏதோ வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

நான்கு மணி நடையை மச்சான் ஓட்டினான். எஞ்சின் மறுபடி மக்கர் செய்தால் பார்க்க நான் ஸ்பேனரோடு துறையிலேயே நின்றேன். சேதி கேட்டு அண்ணி துறைக்கே வந்துவிட்டாள். தம்பியைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று படிக்கட்டில் நின்றாள். முகமெல்லாம் பல். படகு போனது, ஒரு இருமல் இல்லாமல் திரும்பி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பூட்டண்ணன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். வீட்டு வாசற்படி இருநூறு அடி தூரம்தான். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மச்சான் கடைசியாக இறங்கினான். நேராக மாமா முன்னால் வந்து நின்றான். தோள்பையைத் திறந்து, துண்டை எடுத்து உதறிக் காட்டினான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினான். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“மோந்து பாத்துக்குங்க மாமா,” என்றான்.

குத்திக்காட்டவில்லை. குரலில் கோபமே இல்லை. நாம் சாப்பிட்டுக் கை கழுவுவதுபோல் செய்தான். அவர் பாட்டிலையும் வாங்கவில்லை, அவனையும் தடுக்கவில்லை. அந்த மூன்று மாதமும் கரையேறும்போதெல்லாம் இந்தப் பெட்ரோல் சோதனை நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணிக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அவள் படியிறங்கி வந்தாள். தம்பியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடினாள். மூன்று வாரம் கழித்து முதல்முறையாகப் புருஷனிடம் பேசினாள்.

“தெனமும் இப்படித்தான் காட்டினானா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா,” என்றார்.