இடுப்பைப் பார்த்துச் சொல்லும் வேலை

தேயிலை மலையில் யாராவது ‘குளவி’ என்று கத்தினால் மற்றவர்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அது குளவிதானா என்று நின்று பார்ப்பது என் தொழில். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாக இருக்கிற என்னைத் தோட்டத்திலிருந்து ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குளவிக்கு இடுப்பு நூலாக ஒடுங்கியிருக்கும், இறக்கை நாலு என்று கற்றுக்கொண்டு வந்தேன். உங்களில் கொட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த நேரத்தில் இறக்கையை எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தரத்தில் நிற்பது

என் கேங்கில் மகேஸ் என்று ஒருத்தி. போன வருஷம் குளவி கொட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தோட்டத்தில் கிடைக்கவில்லை. என் வாயைப் பார்த்துத்தான் அவள் தேயிலை நிரையில் இறங்கியாக வேண்டும்.

திரும்பி வந்த முதல் நாளே கத்தினாள். எல்லோரும் படுத்தாயிற்று. நான் போய்ப் பார்த்தால், மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒன்று பூவுக்கு மேலே ஆடாமல் அசையாமல் அந்தரத்தில் நிற்கிறது. இரண்டே இறக்கை, முகம் முழுக்கக் கண். பூவில் தேன் குடிக்கிற ஒரு ஈ. கொட்டுவதற்கு அதனிடம் எதுவுமே இல்லை. குளவி வேஷம் போட்டால் குருவி கிட்டே வராது, அவ்வளவுதான். இதையெல்லாம் மகேஸிடம் விளக்கமாகவே சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“குருவியே ஏமாந்துருதுன்னா, நான் ஏமாறக் கூடாதாக்கா?” என்றாள்.

முள்ளங்கிப் பாத்தி

குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மகேஸ் முள்ளங்கி போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையோடு அழைத்துப் போனாள். ஆரஞ்சு உடம்பும் கறுத்த தலையுமாக நாலைந்து பூச்சிகள் இலைமேல் உட்கார்ந்திருந்தன. இறக்கை நாலு. எனக்கே திக்கென்றது. ஆனால் இடுப்பில் ஒடுக்கமே இல்லை, நெஞ்சும் வயிறும் ஒரே தடிப்பு. இலையை ரம்பம் போல அறுத்து உள்ளே முட்டை வைக்கிற இனம் அது. குளவிக்குச் சொந்தம்தான், கொட்டத் தெரியாத சொந்தம். பயப்படாதே, இது சாது என்றேன். இவள் பயந்துபோய் ஒரு வாரமாகப் பாத்திப் பக்கமே போகாததில், அந்தச் சாதுவின் புழுக்கள் நரம்பை மட்டும் மிச்சம் வைத்து இலைகளைத் தின்றிருந்தன.

“போன வாரமே கூட்டியாந்து காட்டியிருந்தா கீரையாச்சும் மிஞ்சியிருக்கும்” என்றாள்.

நாலாம் நம்பர் மலை

நோட்டன் ஊர்ப் பக்கமிருந்து பனி ஏறி வந்த ஒரு காலை. மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் ஒரு பொந்து. அதற்குள் ஏதோ போவதும் வருவதுமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இடுப்பும் தெரியவில்லை, இறக்கையும் தெரியவில்லை. இன்னும் கிட்டப் போக எனக்குத் துணிவும் வரவில்லை. மேல் ரோட்டில் நின்றுகொண்டு, எனக்கு மேலே இருக்கும் கணக்கப்பிள்ளை நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். ‘குளவி இல்லை’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எனக்கு மதிப்பும் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் மகேஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். தெரியாத இடத்தில் ஆளை இறக்க மாட்டேன் என்றும் சொன்னேன். என்னைப் பயிற்சிக்கு அனுப்பியதே வீண் என்று கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னார். வேறு மலைக்கு மாறுவதற்குள் பாதிக் காலை போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. தலை குனிந்து நடந்துகொண்டிருந்தபோது மகேஸ் பக்கத்தில் வந்தாள்.

“இவ்வளவு நாளா நீங்க குளவி இல்லன்னு சொன்னப்பல்லாம், எனக்குத் தைரியம் குடுக்கத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேங்க்கா. இன்னிக்குத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, இனிமே நீங்க குளவி இல்லன்னு சொன்னா பயமில்லாம எறங்குவேன்.”

அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது பொந்து காலியாகக் கிடந்தது. ஆக, மகேஸுக்கு என்மேல் நம்பிக்கை வரவைத்த பூச்சி எதுவென்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.