பிள்ளைத்தாய்ச்சிக்குக் கேட்காத சத்தம்

பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் லோவினாவை எழுப்புவது லேசான காரியமல்ல. நர்ஸ் சிஸ்டர் ஜெமைமா, அவள் வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு, அட்டையில் எழுதி முடித்து, "எழுந்திரு" என்பார். லோவினா தகரக் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள்.

"என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர். எழுந்திரிக்கிறேன்."

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லான்னா எப்படி? வேகமாவா, மெதுவாவா?"

"வெளிய பன்னெண்டு பேர் உக்காந்திருக்காங்கடி."

"அவங்களும் இதைக் கேக்கத்தான் வந்திருக்காங்க."

ஏழு மாத வயிற்றோடு, தீவுகளுக்கு நடுவே மாரோவோ காயலில் இரண்டு மணி நேரம் தனியாகத் துடுப்புப் போட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் அவள். வயிறு இடிப்பதால் ஒரு பக்கமாகத்தான் துடுப்புப் போட முடியும். தோணி கோணலாகவே வரும். படகுத்துறையில் இருப்பவர்கள் சிரித்தால், "நேரா வர்றவங்களுக்கு முன்னால வந்துட்டேன்ல?" என்பாள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு இலையில் சுட்ட மரவள்ளிப் பணியாரம் கொடுப்பாள். சிஸ்டருக்கு மட்டும் உடனே கிடைக்காது. "உங்களுக்கு சேதி சொன்னப்புறம்."

இந்தப் பிடிவாதம் பிறவிக் குணமல்ல. போன பிரசவத்தின்போது வாயே திறக்காதவளாக இருந்தாள். எட்டாம் மாதம், அப்போதிருந்த நர்ஸ் நெடுநேரம் குழலில் காதை வைத்திருந்தாள். ஒன்றும் பேசாமல் அட்டையில் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னாள். லோவினா வீடு திரும்பி, சேற்றுச் சிப்பி பொறுக்கி, சந்தையில் விற்று, பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்தாள். நான்காம் நாள் பிறந்த பிள்ளை அழவில்லை. பிறகு, படிக்கத் தெரியாத அவளுக்குப் பள்ளி ஆசிரியர்தான் அட்டையைப் படித்துச் சொன்னார்: 'இதயத் துடிப்பு கேட்கவில்லை.' அந்த நான்கு நாளும் அந்த வரியை அவள் தன் ரவிக்கைக்குள்தான் செருகி வைத்திருந்தாள்.

இந்தப் புதன்கிழமை, தலைநகரிலிருந்து ஒரு பெண் தாளும் பேனாவுமாக வந்திருந்தாள். கர்ப்பிணிகளுக்கு இங்கே கிடைக்கும் கவனிப்பு திருப்தியா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சிஸ்டரோ எட்டடி தள்ளி நிற்கிறார். ஆராதனை நாளான சனிக்கிழமைகளில், ஒரே தேவாலயத்தில் அவர்கள் பக்கத்தில் நின்று பாடுகிறவர். முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? பன்னிரண்டு பேரும் "நல்லா இருக்கு" என்றார்கள்.

லோவினாவின் முறை வந்தது.

"சிஸ்டர் கை பதமான கை. மருந்து இருந்தா ஒளிக்க மாட்டாங்க. ஆனா என் வயித்துக்குள்ள கேக்குறதை எனக்குச் சொல்றதில்ல. அதுல எனக்குத் திருப்தி இல்ல. அப்படியே எழுதும்மா."

"வக்கீலம்மா, உள்ள வாங்க" என்றார் சிஸ்டர். குரலில் சிரிப்பில்லை.

கட்டிலில் படுத்ததும் குழல் வயிற்றில் பதிந்தது. சிஸ்டர் குனிந்து காதை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு முறை மாற்றினார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. காதைக் குழலிலேயே வைத்தபடி, சும்மா இருந்த கையை நீட்டி லோவினாவின் முழங்காலைத் தேடிப் பிடித்தார். பிறகு ஒரு விரலால், குழலில் கேட்ட தாளத்திலேயே, அதன்மேல் தட்டத் தொடங்கினார், வேகவேகமாக, நிறுத்தாமல்.