டிரா போதும்

ரம்புக்கனைக்கு மெச் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, என் பின் பாக்கெட்டில் நான்காக மடித்த ஒரு கடிதம் இருந்தது. தெஹியோவிட்டையிலிருந்து ருவன்வெல்ல வரைக்கும் நான் லொறியில் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் தாள் சரசரக்கும், யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று பயம். முப்பது பேர் மேளம் அடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வரும் லொறியில் ஒரு தாளின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? ஆனால் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்களுடையது ரப்பர் தோட்டம். எங்கள் புட்போல் டீமில் பாதிப் பேர் பால் வெட்டுகிறவர்கள், மீதிப் பேர் டவுனில் கடை கண்ணிகளில் வேலை செய்கிறவர்கள். லீக்கில் நாங்கள் இரண்டாம் பிரிவு. பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் எட்டிப்பார்க்காத இடம்தான். ஆனால் மூன்றாம் பிரிவில் கிடந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. அங்கே எல்லா மெச்சும் தெஹியோவிட்டையில் ஒரே மைதானத்தில்தான் நடக்கும். நடந்து போய், பார்த்துவிட்டு, நடந்து வர வேண்டியதுதான். இரண்டாம் பிரிவுக்கு ஏறிய பிறகுதான் எங்களுக்கு லொறி கிடைத்தது. ரத்தினபுரிப் பக்கம் ஒரு ஞாயிறு, கேகாலைப் பக்கம் ஒரு ஞாயிறு என்று வெளி மெச்சுகள். கோப்பை யாருக்கு வேண்டும்? எங்களுக்கு லொறிதான் வேண்டும்.

லொறி, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவருடையது. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வெளி மெச் நாட்களில் அரிசி மூட்டை ஏற்றும் லொறியைக் கூட்டி, படங்குத் துணி விரித்து, அவரே ஓட்டிக்கொண்டு வருவார். டீம் தோற்றால் எங்களைவிட அவருக்குத்தான் சோறு இறங்காது.

அன்று கேகாலை தாண்டியதும் லொறியில் வழக்கமான சண்டை தொடங்கியது. போன பயணங்களில் எது நல்ல பயணம் என்று. எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா மடியில் இருந்த மேளத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “கொடகவெல. அதுல என்ன பேச்சு?” என்றார். பால் வெட்டுகிற அக்கா. ஒரு வெளி மெச்சையும் விட்டதில்லை. அவருடைய தங்கச்சியைக் கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

“பஸ்ஸுல போனா மூணு பஸ் மாறணும். போய்ச் சேந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுக்குள்ள கடைசி பஸ் வந்துரும். மெச் அன்னைக்கி அவ சோறு கட்டிக்கிட்டு கிரவுண்டுக்கே வந்துருவா. வருசத்துக்கு ஒரு நாளு, ரெண்டு பேரும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால ஒக்காந்து பேசிக்கிட்டே இருப்போம்” என்றார்.

“அப்ப மெச் பாக்கிறதில்லையா?” என்று யாரோ சீண்டினார்கள்.

“ஏன், காதால பாக்குறேன். கோல்னு கத்துனா திரும்பிப் பாப்பேன்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடுமே. அப்போது மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், எங்கள் டீமின் கெப்டன், பூட்ஸ் நாடாவைக் கோர்த்துக்கொண்டே சொன்னார்: “கவலப்படாதீங்க அக்கா, அடுத்த வருசமும் கொடகவெல உண்டு. நமக்கு இன்னைக்கி டிரா போதும்.”

டிரா போதும். அந்த வார்த்தையை ஒரு வாரமாகத் தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியலில் கடைசி இரண்டு இடத்தில் நாங்களும் ரம்புக்கனைக்காரர்களும். கடைசியில் நிற்கிறவர் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் அவர்களைவிட ஒரு புள்ளி மேல். அவர்கள் வென்றால்தான் எங்களுக்கு ஆபத்து. டிரா செய்தால் தப்பினோம்.

என் பாக்கெட்டில் இருந்த கடிதம் அந்த ஒரு புள்ளியைப் பறித்திருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலில் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கடைக்குக்கூடப் போக மாட்டார்கள். டீமில் எட்டுப் பேர் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார்கள். அதே வாரம் ஒரு வெளி மெச் வந்து விழுந்தது. தேதியை மாற்றச் சொல்லி லீக்குக்கு ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் கொடுக்க வேண்டும். டீமின் செகட்டரி நான். சிங்களத்தில் எழுதப் படிக்கத் தெரியும் என்று எனக்கு அந்தப் பதவி. கடிதத்தை எழுதவும் செய்தேன். பந்தல் வேலை, லைட் வேலை என்று அது வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. “குடுத்துட்டீங்களா?” என்று மச்சான் கேட்டபோது, நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்ற தைரியத்தில் “ஆச்சு” என்றேன். அந்த நாளை வரவேயில்லை. மெச் நாளில் நாங்கள் போகவில்லை. அது ரத்து, யாருக்கும் புள்ளி இல்லை என்று நானே எல்லோருக்கும் சொன்னேன். லீக்கும் வாயைத் திறக்காததால் அப்படியே மூடிப்போய்விடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீக்கிலிருந்து இந்தக் கடிதம் வந்தது. எழுத்தில் கோரிக்கை எதுவும் கிடைக்காததால் எங்களுக்கு ஒரு புள்ளி கழிக்கப்படுகிறது. நகல்: ரம்புக்கனை டீமுக்கு. ஆக இரண்டு பேரும் சரிக்குச் சரி, கோல் கணக்கில் அவர்கள் மேல். இப்போது டிரா போதும் என்றால் அது அவர்களுக்குத்தான். நாங்கள் வென்றாக வேண்டும்.

வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போன வருடம் மச்சான் தவறிப்போய்ச் சொந்தக் கோலில் அடித்தபோது லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசியவன் நான். அதே வாயால் போய் இதை எப்படிச் சொல்வது? எப்படியும் ஜெயித்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய கேடு சனிக்கிழமை பகல் செய்தேன். எங்கள் டீமில் கோல் அடிக்கிற கால் ஒன்று உண்டென்றால் அது என் தம்பியுடையது. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். ஞாயிறும் கடை உண்டு. லீவு கேட்டால் முதலாளி முகம் கோணும். அவன் போன் எடுத்து, “அண்ணே, நாளைக்கி நான் வரணுமா? வரச் சொன்னா எப்படியாவது வந்துருவேன்” என்றான்.

வா என்றால் ஏன் என்று கேட்பான். டிரா போதும் என்று சொன்னீர்களே என்பான். நான் சொன்னேன்: “வேணாம்டா. லீவ வீணாக்காத. டிரா போதும்.”

ரம்புக்கனை மைதானத்துக்குப் பக்கத்தில்தான் ரயில் பாதை. வானம் கறுத்துக் கிடந்தது, மழை வரவில்லை. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு டீமும் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களவர்கள் முன்னால் போகவில்லை. அவர்களும் வரவில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. “பயந்துட்டாங்கடா!” என்று கத்தினார்கள். நானா மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். “இது என்ன விளையாட்டு? தோத்தாலும் டிரா ஆனாலும் எறங்கப்போறது அவங்கதானே. அவங்க ஏன் அடிக்கப் பாக்கல்ல? எனக்கு மனசு சரியில்லாம ஈக்கிது” என்றார்.

“அவங்களுக்குத் தெம்பு இல்ல நானா” என்றேன்.

இடைவேளையில் ரம்புக்கனை ரசிகர் ஒருவர், கையில் கடலைச் சுருளோடு எங்கள் பக்கம் வந்தார். நல்ல மனிதர்தான். என்னிடம் சிங்களத்தில், “உங்கள் பையன்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள்? கடிதம் வரவில்லையா?” என்று கேட்டார். அக்கா நாலடி தள்ளி நின்றிருந்தார். அவருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் அந்த மனிதரின் தோளில் கை போட்டு, பத்து வருடப் பழக்கம் போலக் கூட்டிக்கொண்டு போய் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும் வரை காலநிலையைப் பற்றிப் பேசினேன். எதிராளியின் வாயை அடைக்க டீ வாங்கிக் கொடுத்தவன் எங்கள் டீமின் செகட்டரி. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டாம் பாதியும் அப்படியே உருண்டது. ஒரு ரயில் கண்டிப் பக்கம் ஏறிப் போனது. அது மறையும் வரை இரண்டு டீமும் பந்தை விட்டுவிட்டு அதைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதற்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது பந்து எங்கள் பக்கம் வெளியே வந்தது. எறிய வந்தவர் மச்சான். கோட்டுக்குப் பக்கத்தில் நான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மச்சான், டிரா பத்தாது. நமக்கு ஒரு பொயிண்ட் வெட்டிட்டாங்க. ஜெயிக்கணும்.”

அவர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நின்றார். “யாரு சொன்னா?”

“லெட்டர் வந்துச்சி.”

“எப்ப?”

“வெள்ளிக்கெழம.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ரெப்ரி விசில் ஊதி அவசரப்படுத்தினார். மச்சான் பந்தை எறிந்துவிட்டு, தன் இடத்துக்குப் போகாமல் நேரே முன்னால் ஓடினார். “ஏறுங்கடா! எல்லாரும் ஏறுங்கடா!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

எங்களவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கெப்டனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இருந்தாலும் ஓடினார்கள். அக்கா மேளத்தை நிறுத்திவிட்டு, “ஐயோ, ஏன் போறாங்க? பின்னால வரச் சொல்லுங்க!” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

கடைசி நிமிடத்தில் இடது பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. கோலுக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், அழகாக வந்தது. தம்பி எப்போதும் நிற்கிற இடத்துக்கு, யாரோ அவனுக்காகவே அனுப்பிய மாதிரி வந்தது. அங்கே யாரும் இல்லை. நாற்பது வயது மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்து காலை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை. பந்து அந்தப் பக்கம் போய்ப் புல்லில் நின்றது. விசில் ஊதிவிட்டார்கள்.

அப்போதுதான் என் வாழ்நாளில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ரம்புக்கனைக்காரர்கள் குதித்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆட்களும் குதித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆட்டம், ஒரே பாட்டு. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் மட்டும் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

நான் அக்காவிடம் போய், “அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். நான் மேளம் கேட்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். வெளி மெச் நல்லபடியாக முடிந்தால் செகட்டரியும் ஒரு சுற்று அடிப்பது எங்கள் வழக்கம். “இந்தாங்க, நல்லா அடிங்க! கொடகவெல வரைக்கும் கேக்கணும்!” என்று வாரை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா எட்டிப் பார்த்து, “தம்பிதான்! சத்தமாப் போடுங்க, நாங்களும் கேக்குறோம்” என்றார். எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள்.

“அண்ணே! மேளச் சத்தம் கேக்குது. டிராதானே? தப்பிச்சிட்டோம்ல?”

கழுத்தில் மேளத்தோடு, முப்பது பேர் முகத்துக்கு நடுவில் நின்று, அவனிடம் சொல்வது போல எல்லோருக்கும் சொன்னேன். அலமாரியில் கிடந்த கடிதம், வெட்டிய புள்ளி, வெள்ளிக்கிழமை, எல்லாம். பாக்கெட்டில் இருந்ததை எடுத்து நானாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, வாங்கி அப்படியே வைத்துக்கொண்டார்.

போனில், கடையில் யாரோ ஆணி கேட்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு தம்பி சொன்னான்: “நேத்தே பேக் கட்டி வச்சிருந்தேண்ணே. பூட்ஸக்கூடத் தொடச்சி வச்சிருந்தேன்.”

அவன் போனை வைத்த பிறகும் நான் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கத்தில் வந்து என் கழுத்திலிருந்து மேளத்தைக் கழற்றினார். வாரைச் சுருட்டி மேளத்தைச் சுற்றிக் கட்டினார். நானாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“அப்ப கொடகவெலக்கி இனி லொறி போகாதா நானா?”