வெளியூர்க்காரி ஏற்றிவிட்ட நெல்கட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு குறுவை அறுவடையின்போது நன்னிலம் பக்கத்தில் இது நடந்தது. ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நில உச்சவரம்பு, கூலி ஒப்பந்தம், குத்தகைப் பதிவு என்று டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். பேச்சு ஒரு பக்கம், வயலில் அடிதடி ஒரு பக்கம்.

நான் கூலிக்காரியின் மகன். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அரசாங்க ஹாஸ்டல், உபகாரச் சம்பளம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, எங்கள் தெருவிலிருந்து முதல் ஆளாகக் காலேஜ் போய், பிறகு சென்னையில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் இறப்பார்கள் என்று அட்டவணை போட்டு, அதை வைத்து ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் எவ்வளவு என்று நிர்ணயிக்கிற பாடம். அந்த வேலையைச் செய்கிறவருக்கு ஆக்சுவரி என்று பெயர். ஆக்சுவரி ஆவதற்குத் தனியாகத் தேர்வுகள் உண்டு. கேள்வித்தாள் சீமையிலிருந்து வரும், சென்னையில் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தத் தேர்வுக்குச் சொல்லித்தர அப்போது எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பழைய புத்தகங்களை வாங்கி, தட்டுத்தடுமாறி நானே படித்தேன்.

ஊரில் இதை விளக்கப் போய் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் படிப்புக்கு எங்கள் தெருப் பெண்கள் ‘சாவுக் கணக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் புத்தகத்தைப் பிடுங்கி, “எங்க மாமியா எந்தப் பக்கத்துல இருக்கான்னு கொஞ்சம் பாருடா, திருவாரூர் தேருக்குப் போகணும்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமியார், “முதல்ல அவ பக்கத்தைப் பாரு, அதுதான் முன்னாடி வரும்” என்றாள். ஒரு ஆளுக்கு எப்போது சாவு என்று இந்தக் கணக்கு சொல்லாது, பத்தாயிரம் பேரைச் சேர்த்து நிறுத்தினால்தான் சொல்லும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வருடம் முதல் தாள் எழுத வேண்டும். ஹாஸ்டலில் இரைச்சல் தாங்காமல் ஊருக்கு வந்து, மூங்கில் கொல்லையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கூலித் தகராறு முற்றிவிட்டது. விவசாயக் கூலிகளின் சங்கம் கேட்ட கூலிக்குப் பண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பண்ணைக்காரர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் இறக்கிவிட்டார். மழை பொய்த்துக் கிடந்த வட்டாரம் அது. முதல் லாரி விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் நுழைந்துவிட்டது. இரண்டாவது வரக்கூடாது என்று எங்கள் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளும் அதுதான். மறுநாள் காலையில் தேர்வு. நன்னிலம் ஸ்டேஷனில் சாயங்காலம் ரயிலைப் பிடித்தால்தான் உண்டு. விட்டால் இன்னும் ஒரு வருடம். அதற்குள் என் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், கிடைத்த ஏதாவது ஒரு வேலைக்குப் போயாக வேண்டும். ஆக்சுவரி என்ற சொல்லை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான்.

பஸ் ஏறி இரண்டு மைல்கூடப் போகவில்லை, டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். எதிரே ரோட்டை அடைத்து எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் அம்மா. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். “உங்கம்மாதானே தம்பி, ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க” என்றார்.

இறங்கிப் போய்ச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. போன அறுவடையில் இப்படித்தான் ஒரு பஸ்ஸுக்கு இரக்கப்பட்டு எழுந்தார்களாம். அந்த இடைவெளியில் பின்னாலேயே லாரி நுழைந்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுக் கடைசியில், “ஒவ்வொருத்தருக்கும் ஒரு அவசரம் இருக்கு தம்பி. எம் மவனுக்குன்னு நான் எழுந்திரிச்சா, நாளைக்கு இவளுவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். எப்போதும் கேலி பேசுகிறவள், அன்றைக்குக் கேலி பேசவில்லை. ரோட்டோடு நடந்தால் சுற்று, ரயில் போய்விடும், வாய்க்கால் கரையோடு குறுக்கே விழுந்தால் பிடித்துவிடலாம் என்றாள். அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். அந்தக் குறுக்கு வழி பண்ணை வயலுக்குள் புகுந்து, களத்தை ஒட்டித்தான் போகிறது. வயலைச் சுற்றித் தடியோடு பண்ணை ஆட்கள் நின்றார்கள். எங்கள் தெருக்காரன் ஒருவனை அன்று காலையில் வரப்பில் பார்த்து, வேலையை நிறுத்த வந்தவன் என்று அடித்துக் கையை ஒடித்திருந்தார்கள்.

அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன்.

கரையில் நாணல் மறைவு இருந்த வரைக்கும் பிழைத்தேன். பிறகு திறந்த வெளி. ஒரு பக்கம் அறுத்துப் போட்ட அரி, இன்னொரு பக்கம் குனிந்து அறுத்துக்கொண்டிருக்கும் வெளியூர்ப் பெண்கள். பேன்ட் சட்டை போட்ட ஒருத்தன் அங்கே நின்றால் கொக்குக் கூட்டத்தில் காக்காய் மாதிரி தெரியும். தூரத்தில் தடிக்காரர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். திரும்பினால் தீர்ந்தது.

கட்டு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள். முப்பது வயது இருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பரீட்சை, ரயில், ஸ்டேஷன் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவள் அரிவாளைக் கீழே போடாமல், ரோட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டாள்.

“எங்க அம்மாவும் இருக்காங்க” என்றேன். ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“எங்கள வையிறாகளா?”

“வையிறாங்க.”

“வையட்டும். கூலி கூடத் தர்றாகன்னு கூட்டியாந்தாக. இங்கிட்டு இப்பிடி ஒரு சண்டைன்னு வந்த பொறவுதான் தெரியும். வீட்டுல புள்ளைக பட்டினி கெடக்குதுக, எப்பிடித் திரும்பிப் போறது” என்று சொல்லிக்கொண்டே, பையில் வேட்டி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. கட்டிக்கொள்ளச் சொன்னாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, பேன்ட்டோடு சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அந்தப் பையைக் கதிருக்கு நடுவில் வைத்து, மேலே இன்னும் இரண்டு அரி போட்டு, ஒரே இழுப்பில் கட்டு கட்டிவிட்டாள். பழைய துணியைச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்து, அந்தக் கட்டைத் தூக்கி ஏற்றினாள். தன் தலையில் இன்னொரு கட்டை ஏற்றிக்கொண்டு, “பேசாத தம்பி. பேசுனா நீ எந்த ஊருன்னு தெரிஞ்சு போகும்” என்று முன்னால் நடந்தாள்.

நான் வயல்காட்டில் பிறந்தவன்தான். ஆனால் காலேஜுக்குப் போனதிலிருந்து கட்டு சுமந்ததில்லை. கழுத்து நடுங்கியது. கதிர் கண்ணை மறைத்தது. அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வழியில் ஒரு தடிக்காரர் எங்களை நிறுத்தினார். இவன் யாரு, காலையில் லாரியில் பார்க்கவில்லையே என்றார். என்னைத்தான் கேட்டார்.

“எந் தம்பிங்க. செவிடு” என்றாள் அவள். அவர் விடவில்லை. என் காதருகே வந்து ஏதோ சத்தமாகக் கேட்டார். அவள் சிரித்தாள். “இன்னும் சத்தமாக் கேளுங்க, எங்க ஆத்தா இருவது வருசமாக் கத்திப் பாக்குது.” சுற்றியிருந்த பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டு, சீக்கிரம் நட என்று தடியால் காற்றைத் தட்டினார். அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் நான் அவள் தம்பி இல்லை என்று தெரியும். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

களத்தில் வைக்கோல் போருக்குப் பின்னால் கட்டை இறக்கிப் பிரித்துப் பையை எடுத்துக் கொடுத்தாள். எதிரே தண்டவாளம் தெரிந்தது. அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஓடச் சொன்னாள், ஓடினேன்.

ரயிலைப் பிடித்துவிட்டேன். மறுநாள் தேர்வு அறையில் கழுத்திலும் முதுகிலும் நெல் சுணை பிடுங்கி எடுத்தது. சொறிந்துகொண்டே எழுதினேன். அந்தத் தாளில் தேறினேன். அதற்குப் பிறகு பல தாள்களில் விழுந்து எழுந்து, பல வருடம் கழித்து ஆக்சுவரியும் ஆனேன்.

தகராறு தாசில்தார் முன்னால் பேசி முடிந்த பிறகு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு கட்டு சுமந்து அவள் போராட்டத்தை நானே உடைத்தேன் என்று கோபப்படுவாள் என்று நினைத்தேன். அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்ட கேள்வி இதுதான்: “அங்க அவளுவளுக்கு ஒழுங்காச் சோறு போட்டாங்களாமா?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“அடுத்த தடவையும் லாரி வந்தா மறிக்கத்தான் செய்வேன் தம்பி. அதுல மாத்தம் இல்ல. ஆனா எறங்குறவளுவ வயித்துக்கு ஊத்தாம திருப்பி அனுப்ப மாட்டேன்” என்றாள்.

சொன்னபடி செய்தாள். அடுத்த சம்பாவுக்கு வேறொரு பண்ணைக்கு லாரி வந்தபோது, எங்கள் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத்துக் கஞ்சி அடுப்பு எங்கள் தெருவுக்காக எரிந்துகொண்டிருந்தது. இருக்கிற வீடு ஒரு படி கொடுக்கும், இல்லாத வீடும் குடிக்கும் என்று பொதுவில் காய்ச்சுகிற கஞ்சி. அதிலிருந்து லாரியில் வந்தவர்களுக்கும் அம்மா ஊற்றினாள். தெருவில் பலருக்கு அது பிடிக்கவில்லை, நமக்கே போதாது என்று சண்டைக்கு வந்தார்கள். குடித்துவிட்டு லாரி திரும்பிப் போனது. எனக்குக் கட்டு ஏற்றிவிட்டவள் அந்த லாரியில் வந்தாளா என்று அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாளாம். பேர்கூடத் தெரியாத ஒருத்தியை எந்த அடையாளத்தை வைத்துத் தேடினாளோ.

பல வருடம் கழித்து, விவசாயக் கூலிகளுக்கான ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் கணக்குப் போடுகிற வேலை என்னிடம் வந்தது. அறுவடைக்காக மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்களை விட்டுவிடலாம் என்றார்கள் மேலதிகாரிகள். நிலையான இடம் இல்லாதவர்கள், கணக்கு நிற்காது என்றார்கள். கணக்கில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் உட்கார்ந்து, அவர்களையும் சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று போட்டுப் பார்த்தேன். கூடியது, ஆனால் நாங்கள் பயந்த அளவு இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சேர்த்தார்கள்.

எத்தனையோ அட்டவணைகள் என் கை வழியாகப் போய்விட்டன. ஆனால் யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வி மேசைக்கு வரும்போதெல்லாம், தனக்கு எதிராக ரோட்டில் உட்கார்ந்திருந்தவளின் மகன் என்று தெரிந்தும் என்னைத் தம்பி என்று சொன்னவளுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.