ஆபித் பாஷாவின் முதல் மிதி

ஆம்பூரில் கார் ஓட்டிப் பிழைத்தவர்களில் மெக்கானிக் ஆபித் பாஷாவைத் திட்டாதவர் கிடையாது. வண்டியைக் கொடுத்தால் மனிதர் லேசில் திருப்பித் தரமாட்டார். பத்து வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்து, கால் வெடித்துப்போய் ரிப்பேர் தொழிலுக்கு வந்தவர். அவரை ரொம்பத் திட்டியவன் நான்தான். அவருக்கு என் உயிரையே கடன்பட்டவனும் நான்தான்.

1937ஆம் வருஷம். என் முதலாளி மக்பூல் அகமதுவின் புதுக் கார் எண்ணெய் பிரேக் வைத்தது. முன்சக்கர பிரேக் சிலிண்டர்கள் ஒழுகியதால் ஆபித், முதலாளியின் தோல் ஷாப்பு முற்றத்திலேயே வைத்து இரண்டையும் புதிதாக மாற்றினார். மாற்றிய பிறகு பெடல் கொழகொழவென்று இறங்கியது. இரண்டாம் தடவை மிதித்தால்தான் பிடித்தது. அன்று மதியமே முதலாளியின் மகள் நசீமுன்னிசாவையும் அவளுடைய கைக்குழந்தையையும் பேர்ணாம்பட்டு மலைப்பாதை வழியாகக் கோலாரில் புருஷன் வீட்டில் விட வேண்டும்.

“ரெண்டு மிதி மிதிச்சா நிக்குது பாய். நான் பாத்துக்கறேன், குடுங்க” என்றேன்.

“வளைவுல மாடு குறுக்க வந்தா ரெண்டாவது மிதிக்கு நேரம் இருக்குமா? உள்ள காத்து நிக்குது. எடுக்காம தரமாட்டேன், சின்னசாமி.”

நான் பெடலை மிதிக்க, அவர் கீழே படுத்து, சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்து மூடினார். நாலு தடவை செய்தோம். எண்ணெய்தான் வந்தது, பெடல் திருந்தவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தபடி ஷாப்பு முற்றத்தில் நடந்தார்.

ஆபித்தோ வேலையை விட்டுவிட்டு எதிரே இருந்த சுண்ணாம்புக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழி வேலைக்காரன் காசி ஒரு தோலைக் கழியால் அமுக்கிக்கொண்டிருந்தான். அது நடுவில் உப்பி மிதந்தது. ஓரத்தை மேலே தூக்கிவிட்டான். காற்று வெளியேறித் தோல் மூழ்கியது.

ஆபித் காருக்கடியில் புகுந்து உடனே வெளியே வந்தார்.

“இடது சிலிண்டர வலதுலயும் வலத இடதுலயும் மாட்டிட்டேன். திருகு கீழ பாத்து நிக்குது. காத்து மேல போய் உக்காந்துக்கிச்சு.”

“மெட்ராஸ்லேர்ந்து வந்த சாமான் சரியில்லன்னு சொல்லிடுங்க” என்று அவர் காதில் போட்டேன். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவர் நேராக முதலாளியிடம் போனார். “தப்பு என்னுது, முதலாளி. பிரிச்சு மாட்ட ரெண்டு மணி நேரம் ஆவும்.”

முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆபித் ஸ்பானரை எடுத்தார். சிலிண்டர்களை இடம் மாற்றி, மறுபடி காற்றை எடுத்து, அவரே பெடலை மிதித்துப் பார்த்தார். முதல் மிதியிலேயே கல்லாக நின்றது.

மலையில் மூன்றாவது வளைவில் தோல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி குறுக்கே நின்றது. மிதித்தேன். மாட்டின் கொம்புக்கும் காருக்கும் ஒரு முழம் இடைவெளி. இரண்டாவது மிதிக்கு அங்கே இடமில்லை. திரும்பிப் பார்த்தேன். நசீமுன்னிசா பிள்ளையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிள்ளை தூக்கம் கலையவில்லை.

ஊர் திரும்பியதும் ஆபித்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“திருகுல எண்ணெ கசிஞ்சுதா, பாத்தியா?” என்று கேட்டவர், கையை விடுவித்துக்கொண்டு காருக்கடியில் போய்விட்டார்.