சிக்னல்காரர் வாய் திறந்த நாள்

எங்கள் கப்பல் பட்டறையில் கிரேன் சிக்னல்காரருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்ததே நான்தான். இருபது வருடம் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்க முடியும்? கையுறை வாங்க வந்தால் இரண்டு விரலைக் காட்டுவார். "ரெண்டு ஜோடியா, ரெண்டாம் நம்பரா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்பேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் அதே இரண்டு விரலைக் காட்டுவார்.

அவர் வேலையும் அப்படிப்பட்டதுதான். கிரேன் ஓட்டுகிற ஆள் அறுபது அடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பான். கீழே நடப்பதில் பாதி அவன் கண்ணில் படாது. அவ்வளவு உயரத்துக்கு எந்தக் குரலும் எட்டாது. தரையில் நிற்கும் சிக்னல்காரரின் கையை நம்பித்தான் அவன் வண்டி ஓடும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. முஷ்டியை மூடினால் நில். சுமை தொங்கும்போது சிக்னல்காரர் மூக்கைக்கூடச் சொறியக் கூடாது. 'கை கிரேனுக்கு, வாய் மனுஷனுக்கு' என்பது பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம். யாராவது குறுக்கே வந்தால் முஷ்டியை மூடிக் கிரேனை நிறுத்திவிட்டு, கத்தித்தான் ஆளை விரட்ட வேண்டும்.

கை வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நாலு பேர் சேர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் வரவேற்புரை சொல்லப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "அனைவருக்கும்" என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தை வராமல் நின்று, கால்சட்டையை நனைத்துக்கொண்டு இறங்கினார். அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். மூன்று தடவை மேஸ்திரி பதவி தேடி வந்தது. மூன்று தடவையும் வேண்டாம் என்றார். மேஸ்திரி என்றால் தினமும் காலையில் அறுபது பேரை வரிசையில் நிறுத்திப் பத்து நிமிடம் பேச வேண்டுமே! இதையெல்லாம் வைத்து நான் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விபத்து ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நடந்தது. அன்று கூண்டில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. பெரிய இரும்புத் தகடு ஒன்று முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெயின்டர், வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அண்ணன், கையில் வாளியோடு குனிந்த தலை நிமிராமல் அதன் குறுக்கே நடந்து வந்தார். சிக்னல்காரர் முஷ்டியை மூடவில்லை. கத்தவும் இல்லை. பதறிப்போய் "தள்ளிப் போங்க" என்கிற மாதிரி கையை வீசிக் காட்டினார். பெயின்டர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. மேலே இருந்தவன் பார்த்தான். பக்கவாட்டில் நீண்ட கை. அவன் கிரேனைத் திருப்பினான். தகடு வீசி வந்து பெயின்டரின் இடது காலைத் தூணோடு சேர்த்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் சூப்பர்வைசர் நேராக அவரிடம் வந்தார். சுற்றிலும் நாற்பது பேர்.

"திருப்பச் சொல்லி சிக்னல் குடுத்தியா, இல்லையா?"

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தலை மட்டும் இடமும் வலமும் ஆடியது. 'சிக்னல் கொடுக்கவில்லை' என்று எழுதி சூப்பர்வைசர் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயந்திரமே மைத்துனனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். சிக்னல் இல்லாமல் திருப்பினான் என்பது உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். அதற்கப்புறம் உலகத்தில் எந்தப் பட்டறையும் அவனைக் கூண்டில் ஏற்றாது. அவன் "மாமா கை காட்டினாரு" என்று தலையில் அடித்துச் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் இருப்பது வேறு அல்லவா?

ஆறு வாரம் கழித்து ஒரு மதியம் அவர் ஸ்டோருக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரே ஒரு ஆள் என்றால் அவருக்குப் பேச்சு வரும்.

"வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"நேத்து சொன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாக்கல. அப்புறம், 'என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க'ன்னா."

சொல்ல வேண்டிய இடம் கேன்டீன் ஹால். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. கமிட்டியில் மூன்று பேர், எதிரே வேலையாட்கள் மொத்தமும். எழுதிக் கொடுத்துவிடலாம், நான் வாசிக்கிறேன் என்று ஆபீஸில் போய்க் கேட்டுப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை மாற்றுவதென்றால் எல்லோர் முன்னிலையிலும் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றுவிட்டார்கள்.

மூன்று மதியம் ஸ்டோரில் ஒத்திகை பார்த்தோம். நான் மட்டும் இருந்தவரை தட்டுத்தடுமாறியாவது வந்தது. மூன்றாம் நாள், பழகட்டுமே என்று வெல்டர்கள் நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். போச்சு. முகம் வெளுத்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களை அனுப்பிவிட்டு நான் கத்தினேன்.

"யோவ், ஒருத்தருக்குக் காலே போச்சு. ஒருத்தன் பொழப்பு போகப்போகுது. இப்பவும் உனக்கு வெக்கம்தான் பெருசா?"

"வெக்கம் இல்லப்பா," என்றார். "செத்துருவேன்னு தோணுது. நெஜமாவே அப்படித்தான் தோணுது."

அதுவரை நான் அதைக் கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அவரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹாலில் எள் போட்டால் எள் விழாது. முன்வரிசையில் பெயின்டர், இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பெரிய மகன், முப்பது வயது ஆள். அப்பாவை ஏதோ சின்னக் குழந்தை மாதிரி "காலை நீட்டாத, நேரா உக்காரு" என்று அதட்டிக்கொண்டிருந்தான். ஓரத்தில் மைத்துனன் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

கூப்பிட்டார்கள். அவர் மைக்குக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அவன் யாரென்று எனக்குத் தெரியும், மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டான். சிக்னல்காரரின் வலது கை மெல்ல மேலே எழுந்தது, எதையோ காட்டப்போவது போல. அவரே அதைப் பார்த்தார். சட்டென்று இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.

"நான் அன்னைக்குத் தலையாட்டினது பொய்," என்றார்.

கமிட்டியில் ஒருவர் பேனாவை எடுத்தார்.

"அண்ணனைத் தள்ளிப் போகச் சொல்லி கையை வீசினேன். மேல இருந்து பாத்தா அது திருப்புற சிக்னல். அவன் பாத்தான், திருப்பினான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கமிட்டித் தலைவர் கேட்டார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க சார். பயந்துட்டேன்."

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நான் எழுதினால் அது புளுகு. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். பயம் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டே பேசினார்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மைத்துனன் கூண்டுக்குத் திரும்பினான். மூன்று மாதம் மாமாவோடு பேசவில்லை, அதுவும் நியாயம்தான். இவரைச் சிக்னல் வேலையிலிருந்து நிரந்தரமாக எடுத்துத் துரு சுரண்டும் பிரிவுக்குப் போட்டார்கள். ஆனால் அந்த ஹாலில் நடந்த பெரிய காரியம் இது எதுவும் இல்லை.

தலைவர் "நீங்க உக்காரலாம்" என்றபோது பெயின்டர் ஊன்றுகோலை உயர்த்தினார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ அன்னைக்குக் கத்தினியா? நீ கத்தியும் எனக்குக் காது கேக்கலன்னு வீட்ல சொல்றாங்க. கெழவன் தானாப் போய் மாட்டிக்கிட்டான்னு. ராத்திரியெல்லாம் நெனச்சுப் பாக்கறேன். எனக்கு ஒரு சத்தமும் ஞாபகம் வரல."

இயந்திர இரைச்சலில் கேட்டிருக்காது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கமிட்டி அதைக் கேட்கவே இல்லை, எழுதிக்கொள்ளவும் போவதில்லை. அவர் பாக்கெட்டிலிருந்து கைகளை எடுக்காமல், பெயின்டரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்லண்ணே. நான் கத்தவே இல்ல. கத்தியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும், பத்தடி தூரம்தான். கத்தினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு வாயைத் தொறக்க எனக்குத்தான் பயம். உங்க காதுல ஒரு கொறையும் இல்ல."

பெயின்டர் ஊன்றுகோலை மடியில் இறக்கி வைத்தார். பிறகு தன் மகன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடா?" என்றார்.